மெடலினில் விற்கக் கூடாத பத்திரிகை

அச்சும் அச்சமும் – 17

1983 ஆகஸ்ட் 25ஆம் தேதி கொலம்பியாவின் மெடலின் நகரத்துக் கடைகளில் 'எல் எஸ்பெக்டடார்' பத்திரிகை ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. தலைநகர் பொகோட்டாவிலிருந்து கட்டுகள் வழக்கம்போல வந்துதான் இறங்கின. சில ஆட்கள் கடை கடையாக ஏறி, இருந்ததையெல்லாம் காசு கொடுத்து வாங்கிப் போய்விட்டார்கள். ஊரில் ஒருவரும் அதைப் படித்துவிடக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட உத்தரவு.

அப்படி என்ன இருந்தது அதில்? ஒரு பழைய செய்தி. ஏழு வருடத்துக்கு முன்னால், 1976 ஜூனில், அதே பத்திரிகையில் வந்தது. லாரியின் டயருக்குள் கொக்கெயின் பதுக்கிக் கடத்திய ஒரு கும்பலை டாஸ் என்கிற அரசுப் புலனாய்வுத் துறை பிடித்தது. பிடிபட்டவர்களில் ஒருவர் பெயர் பாப்லோ எமிலியோ எஸ்கோபார் கவிரியா. 1976இல் அந்தப் பெயரை யாருக்கும் தெரியாது. 1983இலோ அவர் கொலம்பிய நாடாளுமன்றத்தின் மாற்று உறுப்பினர். குப்பைமேட்டில் குடியிருந்தவர்களுக்கு வீடு கட்டித் தருகிறவர், ஏழைப் பிள்ளைகள் இரவிலும் பந்து விளையாட மைதானங்களுக்கு விளக்குப் போட்டுத் தருகிறவர். ஒரு வார இதழ் அவரை 'ராபின் ஹூட்' என்றே எழுதியிருந்தது.

அந்த ஆகஸ்டில் புதிதாகப் பொறுப்பேற்ற நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனியா, போதைப்பொருள் பணம் அரசியலுக்குள் புகுந்துவிட்டது என்று நாடாளுமன்றத்தில் பேசினார். எஸ்கோபார் கொதித்தார். ஆதாரம் இருந்தால் 24 மணி நேரத்துக்குள் காட்டு என்று கெடு வைத்தார். அமைச்சரிடம் கையில் காட்ட ஒன்றும் இல்லை.

எல் எஸ்பெக்டடாரின் ஆசிரியர் கியெர்மோ கானோவுக்கு மட்டும் இந்த முகத்தை எங்கோ பார்த்த நினைவு. பத்திரிகையின் ஆவண அறைக்குப் போய்ப் பழைய இதழ்களைப் புரட்டச் செய்தார். கிடைத்தது. கைதான அன்று எடுத்த படத்தோடு. அதை அப்படியே எடுத்து முதல் பக்கத்தில் போட்டார்.

புலனாய்வு இதழியல் என்றதும் நம் மனதில் ஓடுவது ரகசியக் கோப்புகளும் இருட்டில் வந்து தகவல் சொல்லும் ஆட்களும். இந்தத் தொடரில் அப்படிச் சிலவற்றைப் பார்த்தோம். எஸ்கோபாரின் அரசியல் வாழ்க்கையை முடித்துவைத்ததோ, பழைய தாள்களைத் தேதிவாரியாக அடுக்கி வைத்த ஏதோ ஓர் ஊழியரின் ஒழுங்கு. அவர் பெயரை எந்த வரலாறும் எழுதவில்லை. மெடலினில் பிரதிகளை வாங்கிக் குவிக்கலாம். பொகோட்டாவில் விற்றதை என்ன செய்ய முடியும்? வானொலிகள் சொல்லத் தொடங்கின, மற்ற பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. 1976 வழக்கை ஒரு நீதிபதி மீண்டும் கையில் எடுத்தார். அப்போதுதான் இன்னொன்றும் கவனத்துக்கு வந்தது: எஸ்கோபாரை அன்று கைது செய்த டாஸ் அலுவலர்கள் இருவரும் கொல்லப்பட்டிருந்தார்கள். அக்டோபரில் எஸ்கோபாரின் நாடாளுமன்றப் பாதுகாப்பு பறிக்கப்பட்டது. 1984 ஜனவரியில் அரசியலை விட்டே விலகினார்.

பழி தீர்க்கும் கணக்கு அங்கிருந்து தொடங்குகிறது. 1984 ஏப்ரல் 30ஆம் தேதி, பொகோட்டா சாலையில் மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அமைச்சர் லாரா போனியாவைச் சுட்டுக் கொன்றார்கள். வழக்கை எடுத்த நீதிபதி குஸ்தாவோ சுலுவாகா 1986 அக்டோபரில் கொல்லப்பட்டார். அடுத்தது யார் என்று கொலம்பியாவில் யாரும் யாரையும் கேட்கத் தேவையிருக்கவில்லை.

கானோவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அவர் குடும்பமும் அந்தப் பத்திரிகையும் வேறு வேறு அல்ல. தாத்தா ஃபிடெல் கானோ 1887இல் எல் எஸ்பெக்டடாரைத் தொடங்கினார். எங்கே? மெடலினில்! அடுத்த வருடமே உள்ளூர் ஆயர் அதைப் படிப்பது பாவம் என்று அறிவித்தார். அரசாங்கங்கள் பலமுறை மூடின. பிறகு பொகோட்டாவுக்கு இடம் பெயர்ந்தது. 1952 செப்டம்பர் 6ஆம் தேதி ஒரு கும்பல் பொகோட்டா அலுவலகத்துக்குத் தீ வைத்தது. 'எல் தியெம்போ' என்ற இன்னொரு பெரிய நாளிதழும் அன்றே எரிந்தது. அதே மாதத்தில், 27 வயதில், கியெர்மோ கானோ ஆசிரியரானார். அதற்கு முன் காளைச் சண்டையையும் விளையாட்டையும் பற்றி எழுதிக்கொண்டிருந்தவர். சாந்தா ஃபே கால்பந்து அணியின் தீவிர ரசிகர். அமைதியான மனிதர், கூச்ச சுபாவம் உள்ளவர் என்றே உடன் வேலை செய்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

ஆனால் எந்தச் செய்தியை விடக் கூடாது என்பதில் அவருக்கு மோப்பம் உண்டு. 1955இல் கடற்படைக் கப்பலிலிருந்து விழுந்து, பத்து நாள் கடலில் மிதந்து கரையேறிய மாலுமி ஒருவர் தன் கதையைச் சொல்ல அலுவலகத்துக்கே வந்தார். எல்லாரும் ஏற்கெனவே எழுதித் தீர்த்த கதை என்று அலுத்துக்கொண்ட ஓர் இளம் நிருபரை வற்புறுத்தி உட்காரவைத்தவர் கானோ. பதினான்கு பாகமாக வந்த அந்தத் தொடரில், கப்பலில் கடத்தல் சரக்கு ஏற்றியிருந்த விஷயம் வெளியே வந்தது. ராணுவ ஆட்சியாளர் ரோஹாஸ் பினியாவின் அரசுக்கு அது பிடிக்கவில்லை. நிருபரை ஐரோப்பாவுக்கு அனுப்பி வைத்தார்கள். அபராதம், நெருக்கடி என்று 1956இல் பத்திரிகையே நிறுத்தப்பட, அவர் பாரிஸில் சம்பளமில்லாமல் மாட்டிக்கொண்டார். காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் என்றால் தமிழ் வாசகருக்குத் தெரியும்.

மிரட்டல் என்றால் துப்பாக்கி மட்டும்தானா? எஸ்கோபாருக்குச் சற்று முன்னால் கானோ மோதியது ஒரு வங்கிக் குழுமத்தோடு. கிரான்கொலம்பியானோ என்ற அந்தக் குழுமம், சிறு முதலீட்டாளர்கள் போட்ட பணத்தைத் தன் சொந்த நிறுவனங்களுக்கே திருப்பி விடுகிறது என்று 1982 முதல் பத்திரிகை தொடர்ந்து எழுதியது. குழுமம் தன் கம்பெனிகளின் விளம்பரங்கள் அத்தனையையும் நிறுத்தியது. கானோ நிறுத்தவில்லை. கடைசியில் குழுமத்தின் தலைவர் நாட்டை விட்டுப் போனார். ஆனால் பத்திரிகைக்கு விழுந்த பொருளாதார அடி ஆழமானது. எஸ்கோபாரின் ஆட்கள் வந்தபோது அவர்கள் தாக்கியது ஏற்கெனவே ரத்தம் சிந்திக்கொண்டிருந்த ஒரு நிறுவனத்தை. விளம்பரம் நிறுத்துகிறவரையும் குண்டு வைக்கிறவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். ஆனாலும் பத்திரிகை வரலாற்றில் முதலாமவர் இரண்டாமவருக்குப் பாதை போட்டுக் கொடுத்த சந்தர்ப்பங்கள் ஏராளம்.

1986 டிசம்பருக்கு வருவோம். கடத்தல்காரர்கள் ஒன்றுக்கு மட்டும்தான் பயந்தார்கள்: தங்களைப் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைப்பதற்கு. கொலம்பியச் சிறையை விலைக்கு வாங்கலாம், அமெரிக்கச் சிறையை வாங்க முடியாது. அந்த ஒப்படைப்பு ஒப்பந்தத்துக்கு அனுமதி தந்த சட்டம் செல்லாது என்று டிசம்பர் 12ஆம் தேதி உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கும்பல் கொண்டாடியது. இரண்டே நாளில் ஜனாதிபதி பார்கோ அதே சட்டத்தில் மறுபடி கையெழுத்திட்டார். மாஃபியாக்களின் கொண்டாட்டத்தில் மண் விழுந்துவிட்டது என்ற பொருளில் கானோ எழுதினார்.

டிசம்பர் 17, புதன்கிழமை. மாலை ஏழு மணிக்குப் பிறகு கானோ அலுவலகத்திலிருந்து தன் சுபாரு வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டு கிளம்பினார். பின் இருக்கையில் வீட்டாருக்கான கிறிஸ்துமஸ் பரிசுகள். அவெனிதா 68 சாலையில் திரும்புவதற்காக வண்டி வேகம் குறைந்த இடத்தில் ஒருவன் காத்திருந்தான். எட்டுக் குண்டுகள். கூட்டாளியின் மோட்டார் சைக்கிளில் ஏறித் தப்பினான். கானோவுக்கு வயது 61.

நாடு முழுக்கப் பத்திரிகைகளும் வானொலிகளும் தொலைக்காட்சிகளும் 24 மணி நேரம் செய்தியை நிறுத்தின. எதிர்ப்புக் காட்ட ஊடகங்கள் தாங்களே மௌனமாவது எனக்கு எப்போதும் கொஞ்சம் உறுத்தும் விஷயம். கொன்றவன் கேட்டதும் அதைத்தானே? அதைவிட அடுத்து அவர்கள் செய்தது சிறப்பு. போட்டிப் பத்திரிகைகள் ஒன்று சேர்ந்து, போதைப்பொருள் கும்பல்களைப் பற்றிய புலனாய்வுக் கட்டுரைகளை எழுதியவர் பெயர் போடாமல் ஒரே நாளில் பல பத்திரிகைகளில் வெளியிட்டன. பெயர் இல்லாதபோது யாரைச் சுடுவது?

கும்பல் அதற்கும் விடை வைத்திருந்தது. எழுதுகிறவர்களை மட்டும் குறிவைத்தால்தானே அந்தக் கேள்வி? ஒரு செய்தி வாசகன் கைக்கு வந்து சேர எத்தனை பேர் வேண்டும் என்பது எஸ்கோபாருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, பத்திரிகைச் சுதந்திரம் பற்றிப் பேசும் பலருக்குத் தெரிவதைவிட நன்றாக.

கொலையாளிகளுக்குப் போன பணத்தின் தடம் பிடித்து ஒரு வங்கிக் கணக்குக்குப் போனது விசாரணை. கணக்கு லூயிஸ் கார்லோஸ் மோலினா என்ற பணத்தரகருடையது. 1988இல் எஸ்கோபார் மீதே குற்றம் சாட்டினார் நீதிபதி கொன்சுவேலோ சாஞ்சேஸ். கொலை மிரட்டல் வந்தது. நாட்டை விட்டுப் போக வேண்டியதாயிற்று. கானோ குடும்பத்துக்காக வழக்காடிய எக்தோர் ஹிரால்தோ 1989 மார்ச் 29ஆம் தேதி சுட்டுக் கொல்லப்பட்டார். எஸ்கோபார் விசாரணையைச் சந்தித்தே ஆக வேண்டும் என்று உறுதிப்படுத்திய மேல் நீதிமன்ற நீதிபதி கார்லோஸ் வலென்சியா அதே வருடம் ஆகஸ்ட் 16ஆம் தேதி கொல்லப்பட்டார். இரண்டு நாள் கழித்து ஜனாதிபதி வேட்பாளராக நின்ற லூயிஸ் கார்லோஸ் கலான் மேடையிலேயே சுடப்பட்டார். உலகம் கலானின் மரணத்தைத்தான் கேட்டது.

செப்டம்பர் 2, சனிக்கிழமை விடிந்து சற்று நேரத்தில், எல் எஸ்பெக்டடார் கட்டடத்துக்கு எதிரே நிறுத்தியிருந்த சிறு லாரி வெடித்தது. கூரை பிய்ந்தது, அச்சுக்கூடம் சேதமானது, பலர் காயமடைந்தார்கள். அதே நாளில் கார்த்தஹேனாவுக்கு அப்பால் தீவில் இருந்த கானோ குடும்பத்தின் விடுமுறை வீட்டையும் ஆயுதம் தாங்கியவர்கள் வந்து கொளுத்தினார்கள். கானோவின் மகன்கள் ஹுவான் கியெர்மோவும் ஃபெர்னாண்டோவும்தான் அப்போது ஆசிரியர்கள். இடிபாட்டுக்கு நடுவே வேலை நடந்தது. மறுநாள் ஞாயிறு இதழ், பக்கம் குறைந்து, ஆனால் வெளிவந்தது. தலைப்பு இரண்டே சொல்: தொடர்ந்து முன்னேறுகிறோம்!

இந்தத் தலைப்பைத்தான் எல்லாரும் நினைவு வைத்திருக்கிறார்கள். ஐந்து வாரம் கழித்து மெடலினில் நடந்ததைச் சொல்வோர் குறைவு. அக்டோபர் 10ஆம் தேதி, பத்திரிகையின் மெடலின் கிளையை நிர்வகித்த பெண்மணியும் விநியோக மேலாளரும் ஒரே நாளில் தனித்தனி இடங்களில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். இருவரும் ஒரு வரிச் செய்திகூட எழுதியவர்கள் அல்லர். பத்திரிகையை மெடலினில் விற்கக் கூடாது என்று கும்பல் விதித்த தடைக்கு அவர்கள் உயிர் முத்திரை. மெடலின் அலுவலகம் மூடப்பட்டது. 1983இல் காசு கொடுத்துச் செய்ததை 1989இல் துப்பாக்கியால் செய்து முடித்தார்கள். தாத்தா பத்திரிகை தொடங்கிய ஊரில், நூறு வருடம் கழித்து, பேரனின் பத்திரிகைக்கு இடமில்லை. நகரத்துப் பூங்காவில் வைத்த கானோவின் சிலையைக்கூட வெடி வைத்துத் தகர்த்தார்கள். அக்டோபர் 16ஆம் தேதி புகாராமாங்கா நகரத்தின் 'வான்குவார்தியா லிபரல்' பத்திரிகை அலுவலகம் வெடித்ததில் நால்வர் இறந்தார்கள்.

நிருபர், ஆசிரியர், ஆவணக் காப்பாளர், அச்சுக்காரர், கட்டுச் சுமப்பவர், கடைக்காரர், வழக்கறிஞர், நீதிபதி. இந்த வரிசையில் எங்கே கை வைத்தாலும் பத்திரிகை நின்றுவிடும் என்று கும்பல் புரிந்துகொண்டது. அரசோ கடைசிவரை தனித்தனி ஆட்களுக்குக் காவல் போடுவது பற்றியே யோசித்துக்கொண்டிருந்தது.

எஸ்கோபார் 1993 டிசம்பர் 2ஆம் தேதி மெடலின் கூரையொன்றின் மேல் போலீஸாரால் சுடப்பட்டு இறந்தார். கானோ வழக்கில் அவர் ஒருநாள்கூடக் கூண்டில் ஏறவில்லை. 1995இல் நால்வருக்குத் தண்டனை. அடுத்த வருடம் மேல்முறையீட்டில் மூவர் விடுதலை. தண்டனை நிலைத்தது பணம் கொடுத்த மோலினாவுக்கு மட்டும். பத்திரிகையையும் குடும்பம் 1997இல் ஒரு பெருநிறுவனக் குழுமத்திடம் விற்க வேண்டி வந்தது. 2001இல் அது வார இதழாகச் சுருங்கி, 2008இல்தான் மறுபடி நாளிதழானது.

குடும்பத்தின் கையைவிட்டுப் பத்திரிகை போன அதே 1997இல் யுனெஸ்கோ கியெர்மோ கானோ பெயரில் உலகப் பத்திரிகைச் சுதந்திரப் பரிசை நிறுவியது. முதல் பரிசு சீனச் சிறையில் இருந்த காவோ யூ என்ற பெண் பத்திரிகையாளருக்கு. சீன அரசு சினந்தது. 2006இல் பரிசு பெற்றவர் கார்குண்டில் ஒரு கையையும் ஒரு காலையும் இழந்த லெபனான் தொலைக்காட்சிச் செய்தியாளர் மே சிதியாக். அந்த ஆண்டு யுனெஸ்கோ விழாவை நடத்த ஏற்றுக்கொண்ட நகரம் கொழும்பு. உலகெங்குமிருந்து விருந்தினர்கள் அங்கே கூடியிருந்தபோது, மே 2ஆம் தேதி மாலை, யாழ்ப்பாணத்தில் 'உதயன்' நாளிதழ் அலுவலகத்துக்குள் ஆயுதத்தோடு நுழைந்தவர்கள் சரமாரியாகச் சுட்டார்கள். இருவர் இறந்தார்கள். ஒருவர் சந்தைப்படுத்தல் மேலாளர், மற்றவர் விநியோகப் பிரிவு ஊழியர். மெடலினில் விழுந்த அதே வரிசை. மூன்று வருடம் கழித்து, 2009இல், கானோ பரிசு இலங்கைக்கே போனது: அந்த ஜனவரி 8ஆம் தேதி கொழும்புக்கு அருகே நடுச்சாலையில் கொல்லப்பட்ட 'சண்டே லீடர்' ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்கவுக்கு, மறைவுக்குப் பின். அவரைக் கொன்றவர்களும் கொல்லச் சொன்னவர்களும் தண்டிக்கப்படவில்லை.

கொலம்பிய அரசு பாடம் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. 2000இல் பத்திரிகையாளர்களுக்கென்றே ஒரு பாதுகாப்புத் திட்டத்தை ஆணை பிறப்பித்து உருவாக்கியது. மிரட்டலுக்கு ஆளானவர் விண்ணப்பித்தால் ஆபத்தை எடைபோட்டு, குண்டு துளைக்காத வண்டி, மெய்க்காவலர், கைப்பேசி, தேவைப்பட்டால் வேறு ஊருக்குப் போக உதவி என்று தருவார்கள். லத்தீன் அமெரிக்காவில் மற்ற நாடுகள் அதைப் பார்த்துத்தான் பிற்பாடு தங்கள் திட்டங்களை வகுத்தன. அதனால் உயிர் பிழைத்தவர்கள் உண்டு.

ஆனால் அன்று மெய்க்காவலரை அனுப்பிய துறைகளில் ஒன்று டாஸ். ஆம், 1976இல் எஸ்கோபாரைப் பிடித்த, அதற்காக ஆட்களை இழந்த, 1989 டிசம்பரில் தன் தலைமையகத்தையே குண்டுவெடிப்பில் பறிகொடுத்த அதே டாஸ். கிளவுதியா ஹூலியெத்தா துகே என்ற செய்தியாளர், 1999இல் கொல்லப்பட்ட நையாண்டிக் கலைஞர் ஹைமே கார்சோன் வழக்கைத் துருவிக்கொண்டிருந்தார். கொலையில் டாஸுக்கே பங்கு உண்டு என்று அவர் விசாரணை போனது. தொலைபேசியில் அவர் மகளைக் குறித்து வாயில் சொல்லக் கூடாத மிரட்டல்கள் வந்தன. பாதுகாப்புக் கேட்டார். கிடைத்த காவலர்கள் அவர் எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று மேலிடத்துக்குக் குறிப்பு அனுப்பிக்கொண்டிருந்தது பின்னால் தெரியவந்தது. டாஸின் கோப்புகளில் அவரை மிரட்டுவதற்கென்றே எழுதிய செயல்முறைக் குறிப்பும் அகப்பட்டது: எங்கிருந்து அழைப்பது, எவ்வளவு நேரத்துக்குள் பேசி முடிப்பது என்பதுவரை. நீதிபதிகளையும் எதிர்க்கட்சிக்காரர்களையும்கூட அந்தத் துறை ஒட்டுக்கேட்டது 2009இல் அம்பலமாகி, 2011இல் டாஸ் கலைக்கப்பட்டது. துகேவை மனரீதியாகச் சித்திரவதை செய்ததற்காக அதன் முன்னாள் அதிகாரிகள் தண்டிக்கப்பட்டார்கள். ஒரு செய்தியாளரை மிரட்டியதைச் சித்திரவதை என்றே ஒரு நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது சாதாரண விஷயமில்லை.

கானோ கொலையை மனிதகுலத்துக்கு எதிரான குற்றமாக 2010இல் கொலம்பிய அரசு வழக்கறிஞர் துறை அறிவித்தது; காலம் கடந்துவிட்டது என்று வழக்கை மூட இனி முடியாது. 2024 பிப்ரவரியில், கொலை நடந்து 37 வருடம் கழித்து, கானோவைக் காக்கத் தவறியதற்குக் கொலம்பிய அரசு தன் பொறுப்பைப் பகிரங்கமாக ஒப்புக்கொண்டது.

அடுத்த இதழில் பிலிப்பைன்ஸ் போகிறோம். 2009 நவம்பர் 23ஆம் தேதி, மகிந்தனாவ் மாகாணத்தில் ஒரு வேட்புமனுவைத் தாக்கல் செய்யப் புறப்பட்ட வண்டிகளை வழிமறித்து 58 பேரைக் கொன்றார்கள். அவர்களில் 32 பேர் ஊடகத்தினர். கூட்டமாகப் போனால் ஆபத்தில்லை என்று நினைத்துப் போனவர்கள்.

(தொடரும்)